வளன் என்னும் பெயர்

மார்டள்ளியில் குழந்தைக்கு 'வளன்' எனப் பெயரிட்டால், "இது கிறித்தவப் பெயரா?" என வினவுவோர் நம்மிடையே உளர். சூசை என்றால் ஏற்பர். ஜோசப் என்றாலோ மகிழ்வர்! யோசேப்பு என்னும் எபிரேயப் பெயருக்கு 'இறைவன் மேலும் சேர்ப்பார்' என்பது பொருள். அப்பெருக்கத்தையே தமிழில் வளன் என்கிறோம். சூசை என்பது ஒலியின் திரிபு மட்டுமே. இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் தேம்பாவணியின் (1726) தலைவனாம் சூசையப்பருக்கு இப்பெயரையே சூட்டினார். அயல்நாட்டார் போற்றிய சொல் நமக்கு அயலாயிற்றோ? கன்னட நாட்டில் இப்பெயர் சிதையும் என்பதும் வீண் அச்சமே. பதிவேடுகளோடு நாளும் உழலும் எழுத்தராகிய நாம் அறிவோம்: ளகரத்தைத் தொலைப்பது ஆங்கில எழுத்து, கன்னடத்தில் அது பழுதின்றி நிற்கிறது. கொள்ளேகால வட்டம் 1956 வரை கோவை மாவட்டத்தில் இருந்தது. எல்லைக்கோடு மாறியபோது நம் பெயர்களை மாற்றுமாறு எவரும் கேட்கவில்லை. நாமே ஏன் மாற்றுகிறோம்?