இரட்டை வட்டும் குருட்டு நம்பிக்கையும்

என் தமையன் மகளின் கல்யாணத்தைப் படம்பிடித்த ஸ்டூடியோ இளைஞர், ஆல்பம் கேட்டு மூன்றாம் முறையாகத் தம் கடைப் படியேறிய என்னிடம், முகத்தில் சிறிதும் வாட்டமின்றி, "அசிஸ்டென்ட் பையன் தெரியாம ஃபோல்டரை டெலிட் பண்ணிட்டான் சார், ஆனா நாங்க ரெய்டு போட்டிருக்கோம், ரெண்டு டிஸ்க்குலயும் இருக்கும், பயப்படாதீங்க" என்றார். வருமான வரிக்காரர்கள் போடும் ரெய்டிலாவது எடுத்துப் போனவற்றுக்கு ஒரு பட்டியல் தருவார்கள். இவர் போட்ட ரெய்டில் அந்த மரியாதையும் இல்லை. முதல் வட்டில் மாங்கல்யதாரணம் மறைந்த அதே கணத்தில், இரண்டாம் வட்டிலும், பரம விசுவாசத்தோடு, அது மறைந்துபோயிருந்தது.

இரண்டு வட்டுகளில் ஏககாலத்தில் எழுதிவிட்டால் தகவல் சிரஞ்சீவியாகிவிடும் என்னும் பிரமை, கணினி விற்பவரிடமும், வாங்குபவரிடமும், அதைப் பாடமாகப் போதிப்பவரிடமும்கூடப் பேதமின்றிக் குடிகொண்டிருக்கிறது. 1988-இல் பெர்க்லி சர்வகலாசாலையைச் சேர்ந்த பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் ரெய்டு (RAID) என்னும் இந்த யுக்தியை விவரித்துக் கட்டுரை எழுதியபோது, விலையுயர்ந்த பெரிய வட்டு ஒன்றுக்குப் பதிலாக மலிவான சிறு வட்டுகள் பலவற்றைச் சேர்த்து வேலை வாங்கவும், அவற்றில் ஒன்று செத்தால் மற்றவற்றைக்கொண்டு சமாளிக்கவுமே வழி சொன்னார்கள். (அந்தப் பெயரின் விரிவில் இருந்த 'மலிவான' என்ற சொல் பிற்பாடு 'தனித்தனியான' என்று மாறிவிட்டது, மலிவு என்று சொல்லி விற்க எந்த வியாபாரிக்குத்தான் மனம் வரும்!) ஒரு வரிசை எண்களின் கூட்டுத்தொகை கையிலிருந்தால், நடுவில் ஓர் எண் அழிந்தாலும் கழித்துக் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா? பல வட்டுகளை அடுக்கி வைப்பவர்கள் செய்வது ஏறக்குறைய அந்தப் பள்ளிக்கூடக் கணக்குத்தான். ஆனால் எஜமானனே எண்ணை மாற்றி எழுதிவிட்டால், கூட்டுத்தொகையும் அக்கணமே திருத்தப்பட்டுவிடும். பழைய எண்ணைக் கேட்டு எந்த வட்டின் சந்நிதியில் போய் நிற்பது?

1998-இல் பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' தயாராகிக்கொண்டிருந்தபோது, யாரோ இட்ட ஒரு கட்டளையால் படத்தின் பெரும்பகுதி கண்ணெதிரே கரைந்தது. எடுத்து வைத்ததாக நம்பிய காப்புப் பிரதியும் உதவவில்லை. படத்தைக் காப்பாற்றியது எது? பிள்ளைப் பேற்றுக்குப் பின் வீட்டிலிருந்தே வேலை செய்வதற்காகக் கேலின் சஸ்மன் என்னும் பெண்மணி வைத்திருந்த வீட்டுக் கணினி! அதைக் கம்பளியில் சுற்றி, கைக்குழந்தையைக் கொணர்வதுபோல் காரில் கொண்டுவந்தார்கள். வேறு இடத்தில், வேறு ஒருவர் வசத்தில் இருந்த ஒற்றைப் பிரதி, அலுவலகத்தின் ஆடம்பரம் அனைத்தும் செய்ய முடியாததைச் செய்தது. ரெய்டு பக்தர்களிடம் இதைச் சொன்னால், "அது சினிமா சார்" என்கிறார்கள்.

சரி, சினிமா வேண்டாம். 2021 மார்ச் 10-ஆம் தேதி ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தகவல் மையம் தீக்கிரையானபோது, வாடிக்கையாளர் சிலருடைய மூலமும் பிரதியும் ஒரே வளாகத்தில் இருந்து சேர்ந்தே போயின. அவர்களுக்கும் ஒரு சஸ்மன் அம்மையார் இருந்திருக்கலாகாதா! 'மேகத்தில் இருக்கிறது' என்று அண்ணாந்து கைகாட்டும் அன்பர்களே, அந்த மேகமும் தரையில், எரியக்கூடிய ஒரு கட்டடத்தில்தான் இருக்கிறது. மழை பெய்யாத மேகத்துக்கு மாதாமாதம் கப்பம் கட்டும் நாம், சொந்த மனைவியின் தொலைபேசி எண்ணைக்கூட மனத்தில் வைத்துக்கொள்ளாத ஜாதியாகிவிட்டோம் என்பது வேறு விஷயம்.

ஸ்டூடியோ இளைஞரின் இரு வட்டுகளோ ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. ஒன்றாக உழைத்து ஒன்றாகவே சாகவும் தகுந்த இரட்டையர். பிக்ஸார் பெண்மணியின் கதையை அவருக்கும் சொன்னேன்; சிரத்தையாகத்தான் கேட்டுக்கொண்டார். நேற்று அவ்வழியே போனபோது, புதிதாக இன்னொரு வட்டு வாங்கியிருப்பதாகப் பெருமையோடு காட்டினார். அதே பெட்டியில், அந்த இரண்டுக்கும் பக்கத்தில், மூன்றாவதாகச் செருகியிருந்தது.