பொறுத்துக்கொள்வது மருத்துவம் ஆகாது

மாதவிடாய் நிற்கும் காலத்தில் பெண்களுக்கு உண்டாகும் மனத்துயரைப் பற்றி நம் வீடுகளில் இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. "இந்த வயதில் இப்படித்தான் இருக்கும், போகப்போகச் சரியாகிவிடும்" என்பது ஒன்று. "இப்போதெல்லாம் அவளுக்கு எதற்கெடுத்தாலும் கோபம்" என்பது மற்றொன்று. முதற்கருத்து துன்பத்தை வயதின்மேல் ஏற்றுகிறது; இரண்டாவது அதனைக் குணத்தின்மேல் ஏற்றுகிறது. இரண்டின் விளைவும் ஒன்றே. அந்தப் பெண் மருத்துவரிடம் வருவதில்லை. வந்தாலும் மூட்டுவலியைச் சொல்லி, மனவலியைச் சொல்லாமல் திரும்பிவிடுகிறார். இந்த நிலை மாற வேண்டும்.

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிலக்கு வராதிருப்பதையே மாதவிடாய் நிறுத்தம் என்கிறோம். மேலை நாடுகளில் சராசரியாக 51 வயதில் நேரும் இது, இந்தியப் பெண்களுக்கு 46, 47 வயதிலேயே நேர்ந்துவிடுகிறது. ஆனால் மனத்தைப் பெரிதும் அலைக்கழிப்பவை அதற்கு முந்தைய சில ஆண்டுகள். அக்காலத்தில் சூலகங்கள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஒரே சீராகக் குறைவதில்லை. ஏறியும் இறங்கியும் தடுமாறுகிறது. இந்த ஹார்மோனின் வேலை கருப்பையோடு முடிவதன்று. மனநிலையைச் சமன்செய்யும் செரோட்டோனினின் செயற்பாட்டிலும், உடல் வெப்பத்தை ஒழுங்குசெய்யும் மூளைப் பகுதியிலும் அதற்குப் பங்குண்டு. ஆகவே, மாதவிலக்கு இன்னும் வந்துகொண்டிருக்கும் 43 வயதுப் பெண்ணுக்கும் காரணம் புரியாத பதற்றமும் அழுகையும் மறதியும் தோன்றக்கூடும்.

அறுவைச் சிகிச்சையில் இரு சூலகங்களும் அகற்றப்பட்டவர்களுக்கோ, இம்மாற்றம் ஆண்டுக்கணக்கில் அன்றி நாள்கணக்கில் நேர்கிறது. "இனி மாதாமாதம் தொல்லையில்லை" என்று ஆறுதல் சொல்லும் உறவினர் இதனை அறிந்திருத்தல் நலம்.

உறக்கத்தைத் தனியே குறிப்பிட வேண்டும். திடீரென உடலில் பரவும் வெப்பமும் வியர்வையும் சில நிமிடங்களே நீடிக்கும். ஆனால் ஓர் இரவில் நான்கு முறை அது எழுப்பிவிட்டால், விடியலில் அடுப்படிக்குச் செல்பவர் உறங்காத மனிதர். வாரக்கணக்கில் இது தொடரும்போது யாருக்கும் பொறுமை குன்றும். வீட்டார் கோபம் என்று காண்பது பல வேளைகளில் உறக்கமின்மையே.

காலமும் கைகொடுப்பதில்லை. பிள்ளைகளின் பொதுத்தேர்வு, பெற்றோர் அல்லது மாமியாரின் முதுமை, கணவருக்குப் புதிதாகக் கண்ட சர்க்கரை நோய் எல்லாம் இதே வயதில்தான் வந்து சேர்கின்றன. மருத்துவமனை வார்டுகளில் பிறருடைய கட்டிலருகே இரவெல்லாம் விழித்திருப்பவர்களில் இவ்வயதுப் பெண்கள் பலர். அவர்களை நோக்கி, "நீங்கள் உறங்கினீர்களா?" என்று கேட்பவர் அரியர்.

"நம் பாட்டிமார் இதையெல்லாம் மருந்தின்றிக் கடக்கவில்லையா?" என்ற கேள்வி எழலாம். கடந்தார்கள், ஆனால் எவ்வளவு துன்பத்துடன் கடந்தார்கள் என்று யாரும் கேட்டு வைக்கவில்லை. மகப்பேறும் இயற்கையே, அதற்காக யாரையும் துணையின்றி விடுவதில்லை. அதே வேளையில், இப்பருவத்தை ஒரு நோயாக்கி எல்லாருக்கும் மாத்திரை எழுதுவதும் பிழை. பெரிய தொல்லையின்றி இதைக் கடப்பவரும் பலர். யாருக்கு உதவி தேவை என்பதைக் கேட்டறிவதே முறை.

உதவிக்கு வழிகளும் உள்ளன. தைராய்டு கோளாறும் இரத்தசோகையும் இதே அறிகுறிகளைக் காட்டக்கூடும் என்பதால், முதலில் இரத்தப் பரிசோதனை தேவைப்படலாம். எண்ணங்களையும் பழக்கங்களையும் சீர்செய்யும் உளவியல் சிகிச்சை, மனச்சோர்வுக்கும் உறக்கமின்மைக்கும் பயன்தருகிறது. ஹார்மோன் சிகிச்சை பற்றிய அச்சம் பெரும்பாலும் 2002இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்விலிருந்து பரவியது. அதில் பங்கேற்ற பெண்களின் சராசரி வயது 63. 60 வயதுக்குட்பட்ட, வேறு தடையில்லாத பெண்களுக்குக் கடுமையான அறிகுறிகள் இருப்பின், பெரும்பாலும் நன்மையே மிகுதி என்பது இன்றைய மருத்துவக் கருத்து. மார்பகப் புற்றுநோய் கண்டவர்களுக்கு இது பொதுவாக ஏற்றதன்று. அவர்களுக்கு வேறு மருந்துகள் உண்டு. எது யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவருடன் கலந்தே முடிவுசெய்ய வேண்டும்.

இதற்கெல்லாம் வாயிலாக இருப்பது பேச்சு. மருத்துவரைக் காண வருமுன் ஒரு மாதம், மாதவிலக்கு வந்த நாள், உறங்கிய நேரம், மனநிலை ஆகிய மூன்றையும் நாட்காட்டியில் குறித்து வாருங்கள். முன்பு, குறிப்பாக மகப்பேற்றுக்குப் பின், மனச்சோர்வு வந்ததுண்டு எனில் அதையும் சொல்லுங்கள். அத்தகையோருக்கு இப்பருவத்தில் அது மீண்டும் வர வாய்ப்பு மிகுதி. உடன்வரும் கணவரும் மக்களும் அவருக்காகப் பதில் சொல்லாமல், அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள். மருத்துவர்களாகிய நாங்களும் இரத்த அழுத்தத்தைப் பார்ப்பதுபோல் மனநிலையையும் கேட்டுக் குறிக்கக் கடமைப்பட்டவர்கள்.

எதிலும் நாட்டமின்மையோ நம்பிக்கையிழப்போ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் தாமதிக்க வேண்டாம். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை தோன்றினாலும் அன்றே உதவி நாடுங்கள். அரசின் டெலி மனாஸ் சேவை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம்.

குடும்பத்தார் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. இன்றிரவு நோயாளியின் அருகே இருக்கும் முறையை வேறொருவர் ஏற்று, அவரை வீட்டுக்கு அனுப்புங்கள். நாளைக் காலையில் அவருக்கு முன்னே எழுந்து அடுப்பைப் பற்றவையுங்கள். பிறகு, எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.