காப்பீட்டுத் தொழிலும் மகளிர் தலைமையும்

ஆயுட் காப்பீடு என்னும் தொழில் யார்பொருட்டுத் தோன்றிற்று என்று வினவின், பெரும்பாலும் பெண்கள்பொருட்டே என்று விடை கூறுதல் மிகையாகாது. 1744-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்துத் திருச்சபைக் குருமாரான ராபர்ட் வாலஸ், அலெக்ஸாண்டர் வெப்ஸ்டர் என்னும் இருவர், இறந்துபோகும் போதகர்தம் மனைவியரும் மக்களும் வறுமையுறாதவாறு ஒரு நிதியை ஏற்படுத்தினர். ஆண்டுதோறும் எத்துணைப் போதகர் இறப்பர், எத்துணைக் கைம்பெண்டிர் எஞ்சுவர் என்று கணக்கிட்டு, அதற்கேற்பச் சந்தா வகுத்தமையே அந்நிதியின் தனிச் சிறப்பு. ஆயின், எவர்பொருட்டு இத்தொழில் வளர்ந்ததோ, அவர் அதனை நடத்தும் இடத்தில் நெடுங்காலம் அமராதிருந்தமைக்குக் காரணம் யாது? இவ்வினாவை நம் கல்லூரி அன்பர்முன் வைக்க விழைகின்றோம்.

நம் நாட்டுச் சட்டமும் இவ்வகையில் பெண்ணின் நலத்தைக் கருதாமலில்லை. கணவன் தன் மனைவி மக்களின் நன்மைக்கென எடுத்த காப்பீட்டுப் பத்திரத்தின் பணத்தை அவன் கடன்காரர் பற்றலாகாது என்று, 1874-ஆம் ஆண்டின் மணமான மகளிர் சொத்துச் சட்டம் விதித்தது. கடன்காரரை வஞ்சிக்க எடுத்த பத்திரத்திற்கே விலக்கு. இந்துக்கள், முகம்மதியர் முதலியோர்க்கு அவ்விதி பிற பகுதிகளில் 1923 ஏப்ரல் முதலே பொருந்தியது. அந்நாளைய சென்னை மாகாணத்திலோ 1913-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்தே பொருந்தியது. பெண்ணுக்குக் காப்பளிப்பதில் நாம் முந்தினோம். அவளுக்குப் பொறுப்பளிப்பதிலும் முந்தினோம் என்று கூறவல்லோமா?

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தார்க்குக் காப்பீட்டின் அருமையை ஒருவர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தேவனாம்பட்டினத்தையும் கிள்ளைப் பக்கத்துக் குப்பங்களையும் அலைத்தது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் பண்ணுருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. 2015-இல் வெள்ளம் வந்தது. உழைப்பவன் ஒருவன் மாண்ட இல்லத்தில், பத்திரத்தைத் தேடி எடுப்பவளும், இறப்புச் சான்றுக்கு நடப்பவளும், அலுவலகத்தில் காத்து நிற்பவளும் ஒரு பெண்ணே. அவளுக்கு வழிகாட்டத் தெருவார் ‘ஏஜெண்டு அம்மா’ என்றழைக்கும் முகவரும் பலவிடத்து ஒரு பெண்ணே. இத்தொழிலின் அடிவாயிலில் பெண்கள் இல்லாமலில்லை. மேல்மாடியிலேதான் அவர்தொகை அருகுகின்றது.

அடிவாயிலைப் பெரிதாக்கும் முயற்சி இப்பொழுது நடைபெறுகின்றது. 2024 டிசம்பர் 9-இல் தொடங்கப்பெற்ற ‘பீமா சகி’ என்னுந் திட்டத்தின்படி, பத்தாம் வகுப்புத் தேறிய பெண்கள் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் முகவராகச் சேர்ந்து, முதலாண்டில் திங்கள்தோறும் 7,000 ரூபாயும், இரண்டாம் ஆண்டில் 6,000 ரூபாயும், மூன்றாம் ஆண்டில் 5,000 ரூபாயும் உதவித்தொகை பெறலாம். நன்று, வரவேற்கின்றோம். எனினும் முகவருக்கு மாதச் சம்பளம் இல்லை. உதவித்தொகை நின்றபின் கமிஷனே ஊதியம். உறவினரும் அண்டை வீட்டாரும் பத்திரம் எடுத்து முடிந்தபின் அவள் எங்கே செல்வாள்? ஏணியின் முதற்படியை அகலமாக்குவோர் அடுத்த படியையும் அமைத்தல் வேண்டுமன்றோ?

மேற்படியில் பெண்கள் அமர்தல் வெறும் பெருமைக்காக அன்று. விதியை எழுதுவோர் யாவர் என்பதைப் பொறுத்தே விதியின் தன்மையும் அமைகின்றது. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் வேலையேற்ற ஒரு பெண்மணி, மகப்பேற்று விடுமுறைக்குப்பின் பணியினின்று நீக்கப்பெற்றார். அவர் நிரப்பிய படிவத்திலோ மாதவிடாய், கருப்பம் பற்றிய நுணுக்கமான வினாக்கள் இருந்தன. வழக்கு உச்சநீதிமன்றஞ் சென்றது. 1991-இல் நீதிமன்றம் அவரை மீண்டும் பணியில் அமர்த்தியதோடு, நாணத்தக்க அவ்வினாக்களை நீக்குமாறும் பணித்தது. அப்படிவத்தை வகுத்த மேசையைச் சுற்றிப் பெண்கள் போதிய அளவு அமர்ந்திருந்தால், அத்தகைய வினாக்கள் அச்சேறியிருக்குமா?

பெண்களுக்கு இத்தொழிலின் தலைமை ஆற்றுந் திறன் உண்டோ என்னும் ஐயம் இனி எழ இடமில்லை. 1956 செப்டம்பர் முதல் நாளில், 245 நிறுவனங்களின் தொழிலை ஏற்று ஆயுள் காப்பீட்டுக் கழகம் பிறந்தது. அதன் முதற் பெண் நிர்வாக இயக்குநராக உஷா சங்வான் பொறுப்பேற்றது 2013-இல். இடையில் கழிந்தவை 57 ஆண்டுகள். 2016-இல் ஆலிஸ் வைத்யன் பொதுக் காப்பீட்டுக் கழகத்தின் முதற் பெண் தலைவரானார். அவர் கற்றது இலக்கியம் என்பதை எம் போன்ற இலக்கிய மாணாக்கர் கருதுதல் நலம். 2024-இல் கிரிஜா சுப்பிரமணியன் நியூ இந்தியா அஷூரன்ஸின் தலைமையேற்றார். எம்மூர்ப் பெண்கட்கும் தலைமை புதிதன்று. கடலூர் அஞ்சலையம்மாள் 1937-இலேயே சென்னைச் சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றவரல்லரோ?

“வாயில் திறந்தே இருக்கின்றது, பெண்கள்தாமே பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கின்றனர்” என்பர் சிலர். உண்மைதான், அங்ஙனம் எழுதிக் கொடுப்பார் உளர். ஆனால் உயர்வோடு வெளியூர் மாற்றலும் உடன்வருவது வழக்கம். சிதம்பரத்தில் பாலுண்ணும் குழவியும் படுக்கையில் மாமியாரும் இருக்க, தொலைவிலுள்ள நகர்க்குச் செல்க என்றால், அவள் மறுப்பது பதவியையா, மாற்றலையா? ஆடவன் ஒருவன் மாற்றலேற்றுச் சென்றால் இல்லத்தைக் காப்பவள் மனைவி. மனைவி சென்றால் காப்பவர் யார் என்னும் வினாவுக்கு விடையளிக்காமல், அவள்மீது குறை கூறுதல் நேர்மையன்று.

ஆதலின் மூன்று வேண்டுகோள் விடுக்கின்றோம். முதலாவது, குழந்தைகள் சிறியராயிருக்குங் காலத்து உயர்வு பெறும் பெண்ணை நாள்தோறும் வீடு திரும்பத்தக்க ஊரில் அமர்த்துக. இரண்டாவது, களத்திற் பல்லாண்டு உழைத்த பெண் முகவரின் அறிவை மதித்து, அவர் அலுவலர் நிலைக்கு ஏற வழி வகுக்க. மூன்றாவது நம் கல்லூரிக்கே உரியது. எப்பாடத்தில் பட்டம் பெற்றோரும் உதவி நிர்வாக அலுவலர் தேர்வை எழுதலாம்; கணிதம் பயில்வோர் காப்பீட்டுக் கணிப்பாளர் தேர்வுகளையும் எழுதலாம். இவற்றுக்கு மாலை வகுப்பொன்று நடத்தினால் ஆசிரியர்க்கு மிகுந்த செலவில்லை. இத்துறையில் பணிபுரியும் பழைய மாணவர் திங்களுக்கு ஒருமுறை வந்து கற்பித்தல் கூடாததன்று.

சகோதரிகளே! ஆசிரியத் தொழிலும் மருத்துவத் தாதியர் தொழிலுமே நமக்கு ஏற்றவை என்று பெரியோர் கூறுவர். அவை உயர்ந்தவையே. ஆயினும் துயருற்ற இல்லத்தார்க்கு உரிய பணத்தை உரிய காலத்தில் சேர்ப்பிப்பதும் தொண்டே. அத்தொண்டின் விதிகளை எழுதுங் கையும் நம் கையாதல் வேண்டும்.