ஐம்பது மணி நேரம்

போன சனிக்கிழமையும் பயிற்சிக்குப் போய்ட்டு வந்தேன். போபாலுக்கு வந்து பதினோரு வருஷமாச்சு. இதுவரை வாங்கின சான்றிதழ்களை ஒட்டினா வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்கவே வேண்டாம் :-)

2020ல வந்த தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியர்கள் வருஷத்துக்கு 50 மணி நேரமாவது தொழில் மேம்பாட்டுக்கு ஒதுக்கணும்னு சொல்லுது. நல்ல விஷயம்தான். ஆனா நடக்கறது என்ன? திக்ஷா தளத்துல வீடியோவை ஓட விட்டுட்டு இந்தப் பக்கம் விடைத்தாள் திருத்தறோம். கடைசியில வர்ற கேள்விகளுக்குப் பதில் வாட்ஸப் குரூப்புல வந்துடும். (நானும் அனுப்பியிருக்கேன், ஒத்துக்கறேன்.) மார்ச்ல கணக்குப் பார்த்து மூணு மணி குறைஞ்சா, அவசரமா இன்னொரு சனிக்கிழமை!

நான் கணக்கு வாத்தியார். 1/2 + 1/3 = 2/5ன்னு எழுதற பசங்க வருஷா வருஷம் வர்றாங்க. மேலே இருக்கறதை மேலே, கீழே இருக்கறதைக் கீழே கூட்டிடுவாங்க. இதுக்கு மருந்து எந்தப் பயிற்சியிலயும் எனக்குக் கிடைக்கல. கிடைச்சது பக்கத்து வகுப்பு ஜன்னல்ல. அங்க ஒரு மேடம் காகிதப் பட்டையை முதல்ல பாதியா, அப்புறம் ஒவ்வொரு பாதியையும் மூணா மடிச்சு, ஆறு கட்டம் காட்டினாங்க. "அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா அரையை விடக் குறையுமா?"ன்னு ஒரே கேள்வி. மொத்தம் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷம் எந்த 50 மணிக் கணக்குலயும் வராது.

இது புதுசு இல்லைங்க. இதே மத்தியப் பிரதேசத்துல, ஹோசங்காபாத்ல (2022லிருந்து நர்மதாபுரம்), 1972ல 16 பள்ளிகள்ல ஓர் அறிவியல் திட்டம் ஆரம்பிச்சது. வாத்தியார்கள் மாசாமாசம் கூடி, எந்தப் பரிசோதனை சொதப்பிச்சு, அடுத்த பாடத்துல என்ன சிக்கல்னு பேசுவாங்க. 30 வருஷம் ஓடினதை 2002ல மாநில அரசு மூடிடுச்சு.

பயிற்சியே வேண்டாம்னு சொல்லல. வாரத்துக்கு ஒரு பீரியட், இன்னொருத்தர் வகுப்புல பின்பெஞ்சுல உக்கார விடுங்க, அதையும் மணிக்கணக்குல சேருங்க. கேட்டுப் பார்த்தேன். இருக்கற ஃப்ரீ பீரியடே லீவு போட்டவங்க வகுப்பைப் பார்த்துக்கத்தான் போகுதுன்னு பதில் வந்தது. புதுசா வேலைக்கு வந்த தம்பி தங்கைகளே, அனுமதிக்குக் காத்திருக்காதீங்க. அந்த வகுப்பு ஆசிரியரையே கேளுங்க, முக்காவாசிப் பேர் சரின்னுடுவாங்க.

காகிதம் மடிச்ச மேடத்துக்கு இந்த வருஷம் பதவி உயர்வு. கோஆர்டினேட்டர் ஆகிட்டாங்க. வகுப்பு கிடையாது. எங்க 50 மணி நேரத்தையும் எக்செல்ல ஏத்தறதுதான் இப்ப அவங்க வேலை.