'சும்மா இரு' எண்டு எழுதின மருந்துச் சீட்டு

தசைச்சிதைவு நோய் எண்டு ஒரு பெடியனுக்குத் தெரிய வந்த கையோட முதல் பறிபோறது அவனுடைய சைக்கிள். பிறகு பீ.ரீ. பாடம். பிறகு கடைக்குப் போய் வாறது. அம்மா பயப்படுறா, ஆசிரியர் 'நான் பொறுப்பெடுக்க மாட்டன்' எண்டுறார், சொந்தக்காரர் எல்லாரும் 'பாவம், பிள்ளையை அலைக்கழிக்காதேங்கோ' எண்டினம். நோய் தசையைத் தின்ன வருஷக்கணக்கா எடுக்கும். நாங்கள் ஒரு கிழமையில அவனை நாற்காலியில இருத்திப்போடுவம்.

இதை அக்கறை எண்டு சொல்லிக்கொள்ளுறம். எனக்கு இது சோம்பேறித்தனமாத்தான் தெரியுது. பிள்ளையின்ரை சோம்பேறித்தனமில்லை, எங்கட.

இந்தப் பயம் எங்கயிருந்து வந்தது எண்டு பாருங்கோ. 1971இல அமெரிக்க மருத்துவ இதழ் ஒண்டில ஒரு குடும்பத்தைப் பற்றின அறிக்கை வந்தது. முகம், தோள், மேற்கைத் தசைகளைப் பாதிக்கிற பரம்பரை நோய் உள்ள குடும்பம். கூடுதலாப் பாவிச்ச கைதான் கூடுதலாப் பலவீனமாகியிருக்கு, எனவே அதிக உழைப்புத் தசையைக் கெடுக்கும் எண்டு அதில எழுதப்பட்டது. ஆனால் அந்த நோய் இயல்பிலேயே இடம் வலம் சமனில்லாமல் வாற நோய். ஒரு குடும்பத்தில கண்டதை வைச்சு வந்த சந்தேகம் பத்து இருபது வருஷத்தில எல்லாத் தசைநோய்க்காரருக்கும் பொதுவான விதியா மாறிட்டுது.

சோதிச்சுப் பார்த்தவர்கள் வேற கதை சொன்னார்கள். டென்மார்க்கில பெக்கர் வகைத் தசைச்சிதைவு உள்ள 11 ஆண்களை 12 கிழமை, தலா 30 நிமிஷமாக 50 தடவை சைக்கிள் மிதிக்க வைச்சார்கள். 2008இல முடிவு வெளிவந்தது. உடம்பு உள்ளெடுக்கக்கூடிய ஒட்சிசனின் உச்ச அளவு சராசரியா 47 சதவீதம் கூடியிருந்தது. மிதிக்கக்கூடிய உச்சச் சுமை 80 சதவீதம். தசை உடைஞ்சால் இரத்தத்தில ஏறுற கிரியேட்டின் கைனேஸ் ஏறவில்லை. நெதர்லாந்தில டுசென் வகை உள்ள 30 பெடியளில ஒரு பகுதியினருக்கு, மோட்டர் துணையோட கையாலும் காலாலும் மிதிக்கிற சைக்கிளை 24 கிழமை குடுத்தார்கள். மிதிச்சவர்களின் இயக்கத்திறன் அப்படியே நிண்டது. மிதிக்காதவர்களுக்கு இறங்கினது. 'கூடினது' எண்டு நான் எழுதவில்லை, கவனியுங்கோ. டுசெனில அரை வருஷம் இறங்காமல் நிக்கிறது சின்ன விஷயமில்லை.

'இதெல்லாம் சின்ன ஆய்வுகள்' எண்டு ஒரு டொக்டர் சொன்னால், அவர் சொல்லுறது சரி. 2019இல கொக்ரேன் மீளாய்வு 14 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, நன்மை பற்றின சான்று பலமில்லை எண்டுதான் சொன்னது. தீங்கு நடந்ததாயும் அது காணவில்லை. சரி, 'அசையாமல் இரு' எண்டதுக்கு எத்தினை சோதனை இருக்கு? ஒரு ஆரோக்கியமான ஆளையே ஒரு மாசம் கட்டிலில கிடத்தினால் தொடை மெலிஞ்சு போகும். தசைநோய்க்காரருக்கு நோயால போற பலமும் இருக்கு, சும்மா இருக்கிறதால போற பலமும் இருக்கு. முதலாவதை உடற்பயிற்சி திருப்பித் தராது. இரண்டாவதை ஓரளவு தரும். ரெண்டையும் ஒரே கணக்கில எழுதி 'நோய் முத்திட்டுது' எண்டுறம்.

இதுக்கு மற்றப் பக்கமும் ஒரு கூட்டம் நிக்குது. 'மனசு வைச்சால் முடியும்' எண்டு பின்னணி இசை போட்டு வீடியோ விடுற ஜிம் ஆக்கள். இவையையும் எனக்குக் கண்ணில காட்டக்கூடாது. டுசெனில தசைநார்க் கலத்தின் சவ்வைத் தாங்கிப் பிடிக்கிற டிஸ்ட்ரோபின் எண்ட புரதம் இல்லை. தசை நீண்டபடி சுமை தாங்குறபோது, அதாவது படி இறங்குறபோது, பாரத்தை மெல்ல இறக்குறபோது, அந்தச் சவ்வு கிழியுது. இந்தப் பிள்ளையிட்ட டம்பெல்லைக் குடுத்து 'இன்னும் ரெண்டு' எண்டு கத்துறது கொடுமை. மறுநாளும் போகாத நோவு, கோலா நிறத்தில சிறுநீர், ரெண்டும் நிப்பாட்டச் சொல்லுற அறிகுறி. சிறுநீர் அப்பிடிப் போனால் உடனே ஆசுப்பத்திரி. டுசென், பெக்கர் ரெண்டிலும் இதயத் தசையும் பழுதாகும், அதால எக்கோ எடுக்காமல் பயிற்சி தொடங்கக்கூடாது. அந்த மரபணுவைக் காவுற அம்மாமாருக்கும் இதயப் பரிசோதனை வேணும். 'உன்ரை இரத்தத்தாலதான்' எண்டு குத்திக்காட்டத் தெரிஞ்ச ஆக்களுக்கு இது மட்டும் தெரியாது.

ஒவ்வொரு நோய்க்கும் கணக்கு வேற. மக்ஆர்டில் நோயில தசை தன்ரை கிளைக்கோஜனை உடைச்சுப் பாவிக்க ஏலாது; முதல் பத்து நிமிஷம் கால் கல்லாகும். மெல்ல நடந்தால் கொழுப்பும் இரத்தத்து குளுக்கோசும் கைகுடுக்க, திடீரெண்டு நடை லேசாகும். இது தெரியாமல் ஆறாவது நிமிஷத்தில 'ஏலாதாம், விடுங்கோ' எண்டு கூட்டிக்கொண்டு போனால், அந்தப் பிள்ளைக்குத் தன்னால நடக்க ஏலும் எண்டதே தெரியாமல் போகும்.

அதால கிளினிக்கில 'ரெஸ்ட் எடுங்கோ' எண்டால் எழும்பி வராதேங்கோ. என்ன வகை நோய், எந்தப் பயிற்சி, எத்தினை நிமிஷம், எப்ப நிப்பாட்டுறது எண்டு கேளுங்கோ. பிசியோதெரபிக்கு எழுதித் தரச் சொல்லுங்கோ. ஒண்டையும் கேட்டு வாங்க ஏலாத தூரத்தில கன குடும்பம் இருக்கு எண்டது எனக்குத் தெரியும். வீட்டிலயிருந்து பஸ் ஏறவே ஏலாத பிள்ளைக்குக் கிளினிக் எதுக்கு? மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கான சட்டம் இந்த நாட்டில 1996ஆம் ஆண்டிலயிருந்து இருக்கு, பொதுக் கட்டிடங்களுக்குள்ள போய்வர வசதி செய்யச் சொல்லுற ஒழுங்குவிதி 2006இலயிருந்து இருக்கு. உங்கட பள்ளிக்கூடத்து வாசல்படியைப் போய்ப் பாருங்கோ.

பீ.ரீ. ஆசிரியர்மாருக்கு ஒண்டு. அவனை மரத்துக்குக் கீழ இருத்திப் புள்ளி எழுத விடுறதைப் பங்குபற்றல் எண்டு பதியாதேங்கோ. ஓட்டப்போட்டி வேண்டாம், பஸ்கியும் வேண்டாம். டொக்டர் ஓம் எண்டால் ஒரு லேசான பந்தைக் கையில குடுங்கோ, எறியட்டும். களைச்சால் இருக்கட்டும், ஆறினாப் பிறகு வந்து திரும்ப எறியட்டும்.