திருட்டும் முறைகேடும்

வீடு புகுந்து திருடினால் 380. நம்பவைத்துப் பணத்தைச் சுருட்டினால் 420. 2024 வரை நடப்பிலிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் இரண்டுக்கும் உச்சபட்சம் 7 வருஷம்தான். ஏட்டில் வித்தியாசமில்லை. ஜீப் யார் வாசலில் போய் நிற்கிறது என்பதில்தான் இருக்கிறது வித்தியாசம்.

எங்க ஜில்லாக் கணக்கையே பார்ப்போம். 1992-ல் சிதம்பரம் அண்ணாமலை நகர் போலீஸ் ஸ்டேஷனுக்குத் திருட்டுச் சந்தேகத்தில் நந்தகோபாலை இழுத்துப்போனார்கள். அவர் மனைவியைப் போலீஸ்காரர்களே பாலியல் வன்கொடுமை செய்தார்கள். நந்தகோபால் பிணமாகத்தான் வெளியே வந்தார். அடுத்த வருஷம் மார்ச்சில் கம்மாபுரம் ஸ்டேஷன். முதனை ராஜாகண்ணு, குறவர். காணாமல்போன நகைக்காக அடித்தே கொன்றுவிட்டு, ஆள் தப்பி ஓடிவிட்டதாக எழுதினார்கள். ஓடுகிற நிலையிலா உடம்பை விட்டுவைத்தார்கள்? உயர்நீதிமன்றத் தீர்ப்பு வர 2006 ஆனது. (2021-ல் 'ஜெய் பீம்' படமானபோது அவரை இருளராக்கிவிட்டார்கள். திரையிலும் குறவனுக்கு இடமில்லை போல.)

இந்த ரெண்டு பேரையும் எந்தக் கோர்ட்டும் திருடன் என்று சொல்லவில்லை. வெள்ளைக்காரன் 1871-ல் போட்ட குற்றப்பரம்பரைச் சட்டம் 1952-ல் ஒழிந்ததாம். ஸ்டேஷன் ரைட்டருக்கு யாரும் சொல்லியனுப்பவில்லை.

அதே அண்ணாமலை நகர், 2013. பல்கலைக்கழகத்தில் சம்பளம் போடவே திண்டாட்டம். அரசு தனி அதிகாரியைப் போட்டு, சட்டம் கொண்டுவந்து எடுத்துக்கொண்டது. தேவைக்குமேல் சேர்த்திருந்த ஆயிரக்கணக்கானவர்களை வெளியூர்க் கல்லூரிகளுக்கும் ஆபீஸ்களுக்கும் பிரித்து அனுப்பினார்கள். பேப்பரில் நாம் படித்த சொல் 'நிதி முறைகேடு'. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இந்தச் சொல்தான் உறுத்துகிறது. திருட்டு என்றால் திருடினவன் ஒருத்தன் வேண்டும். முறைகேடு மழைபோலத் தானே 'நடக்கும்'. எழுவாயே வேண்டாம்.

எழுவாயே முன்வந்து ஒப்புக்கொண்ட கதையும் உண்டு. சத்யம் ராமலிங்க ராஜு 2009 ஜனவரியில் தன் கைப்படவே எழுதிக்கொடுத்தார், கணக்கெல்லாம் பொய் என்று. சுமார் 7,000 கோடி. தீர்ப்பு 2015 ஏப்ரலில், 7 வருஷம். மறுமாசமே தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு ஜாமீன். அதற்கு முன்னால் ரெண்டரை வருஷத்துக்குமேல் ஜெயிலில் இருந்தார்தான், மறுக்கவில்லை. அவரை யாரும் லத்தியால் விசாரிக்கவில்லை. விசாரிக்கவும் வேண்டாம். அந்த மரியாதையைத்தான் கம்மாபுரத்திலும் கேட்கிறோம்.

2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் கிடந்தவர்களில் நூற்றுக்கு 75 பேருக்குமேல் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள். ஜாமீனுக்குச் சொத்துப் பத்திரத்தோடு ரெண்டு ஆள் வா என்கிறது கோர்ட்டு. சேரியில யாரு பேருல இருக்கு பட்டா?