25-ஆம் தேதிக்கு மேல் என்ன சாப்பிடுகிறீர்கள்?

பதிவு கொஞ்சம் நீளம். நைட் ஷிப்ட் முடித்து வந்தவர்கள் முதலில் படுத்துத் தூங்குங்கள். நாளைக்குப் படித்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

கொஞ்ச நாளாக இன்பாக்ஸில் ஒரே கேள்வி வேறு வேறு ஆட்களிடமிருந்து வருகிறது. "டீச்சர், சுகர் எல்லையில நிக்குதுன்னு சொல்லிட்டாங்க. சாப்பாட்டை மாத்துனேன், நடக்கவும் ஆரம்பிச்சேன். பத்து நாள் ஓடுது, அப்புறம் விட்டுப்போயிருது. மோட்டிவேஷனே வரமாட்டேங்குது." கேட்பவர்களில் ராஜபாளையம் பஞ்சாலைகளில் வேலை பார்க்கிறவர்கள் உண்டு. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்காரர் உண்டு, ஆட்டோ ஓட்டுகிறவர் உண்டு, வீட்டில் தையல் மெஷின் போட்டிருக்கிற பிள்ளைகள் உண்டு. சம்பளம் கைக்கு வந்த அன்றைக்கே பாதி வாடகைக்கும் குழுக் கடனுக்கும் போய்விடுகிற வீடுகள்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் ஊக்கத்துக்குக் குறைச்சல் இல்லை. எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் நின்றுவிட்டு வந்து, பிள்ளையை உட்கார வைத்து வாய்ப்பாடு கேட்கிறவளுக்கா ஊக்கம் இல்லை? நீங்கள் எடுத்துக்கொண்ட திட்டம் வேறு யாருடைய பர்சுக்கோ போட்டது. உங்கள் வீட்டில் அது நிற்காததில் ஆச்சரியம் இல்லை.

2004 பத்தாம் வகுப்பு செட்டில் படித்தவள் ஒருத்தி (பெயர் சொல்ல மாட்டேன், படித்தால் அவளுக்கே தெரியும்) தன்னுடைய டயட் சார்ட்டை எனக்கு அனுப்பினாள். போனில் ஏதோ வீடியோவைப் பார்த்து எழுதியது. காலையில் ஓட்ஸ், பதினோரு மணிக்கு பத்து பாதாம், சாயந்திரம் சியா விதை போட்ட தண்ணீர், ராத்திரி ஆலிவ் எண்ணெயில் வதக்கிய காய். சம்பளம் வந்த கையோடு 7-ஆம் தேதி எல்லாம் வாங்கியிருக்கிறாள். 18-ஆம் தேதி பாதாம் தீர்ந்தது. 22-ஆம் தேதி ஓட்ஸ். அதற்குப் பிறகு பழையபடி ரசமும் அப்பளமும். "எனக்கு மன உறுதி பத்தாது டீச்சர்" என்று முடித்திருந்தாள்.

மன உறுதி எங்கே தீர்ந்தது? பாதாம் அல்லவா தீர்ந்தது! காசு தீர்ந்துபோனதை மனசு தீர்ந்துபோனதாக நினைத்துக்கொண்டு இந்தப் பிள்ளைகள் தங்களையே திட்டிக்கொள்வதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

ஆகவே நான் எல்லாரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். நீங்கள் ஆரம்பிக்கிற பழக்கம் மாசம் 25-ஆம் தேதியும் உங்கள் வீட்டில் நடக்குமா? நடக்காது என்றால், 5-ஆம் தேதியே அதை விட்டுவிட்டு வேறொன்றைப் பிடியுங்கள்.

"பென்ஷன் வாங்குற டீச்சர் ஈசியாச் சொல்லிட்டாங்க" என்று ஒரு கமெண்ட் வரும், தெரியும். பென்ஷன் வாங்குவது உண்மைதான். அதற்கு முன்னால் பதினோரு வருஷம் தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவள் நான். மாசக் கடைசி எப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

25-ஆம் தேதி நிற்கிற பொருட்கள் எவை? கெடாத பொருட்கள், முதல் வாரத்திலேயே வாங்கி டப்பாவில் போட்டு வைக்கக்கூடியவை. நிலக்கடலை, பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, கொள்ளு. நிலக்கடலையில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 25 கிராம் புரதம். பயறு வகைகளிலும் பெரும்பாலும் 20 கிராமுக்குக் குறையாது. புரோட்டீன் பவுடர் டப்பாவில் விற்பதும் இதே புரதம்தான், டப்பாவுக்குத்தான் தனியாகக் காசு. கடலையை வறுத்தோ வேகவைத்தோ ஒரு கைப்பிடி. கோவில்பட்டிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், சுகர் உள்ளவர்கள் கடலைமிட்டாயில் கடலையை மட்டும் தின்றால் தேவலை.

முட்டை கெடும் பொருள்தான். ஆனால் முப்பது முட்டை ஒரு அட்டையாக வாங்கினால் உதிரியாக வாங்குவதை விடக் கொஞ்சம் குறையும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு அட்டை, ஆளுக்கு வாரம் இரண்டு வீதம் கிட்டத்தட்ட மாசம் முழுக்க வரும். பத்து நாளில் கெட்டுவிடும் என்று பயந்தால் இரண்டு வீடு சேர்ந்து வாங்கிப் பங்கு பிரியுங்கள். சீட்டுப் பிடிக்கச் சேர்கிற நாம் முட்டைக்குச் சேரக் கூடாதா?

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு சத்துணவில் முட்டை கிடைக்கிறது. 1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய திட்டம், 1989-க்குப் பிறகு முட்டையும் சேர்ந்தது. 2022 செப்டம்பரிலிருந்து தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடும் வந்துவிட்டது. ஆனால் நான் பள்ளியில் இருந்த காலத்திலேயே பார்த்தேன், "எம்பிள்ளை சத்துணவு வாங்கித் திங்கணுமா" என்று வரிசையில் நிற்கவிடாத பெற்றோர் உண்டு. இன்றைக்கும் இருக்கிறார்கள். வீட்டிலிருந்து டப்பாவில் எலுமிச்சைச் சாதம் மட்டும் போகும். பள்ளியில் முட்டை கிடக்க, அந்தக் கௌரவத்துக்கு விலை பிள்ளையின் எலும்பும் சதையும். எனக்கு இதில் இரண்டாம் கருத்தே கிடையாது. பிள்ளை பள்ளியில் முட்டை சாப்பிட்டால் வீட்டு முட்டையில் ஒன்று அம்மா தட்டுக்குத் திரும்பும்.

சிறுதானியம் பற்றிக் கேட்கிறீர்கள். நல்லதுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் வரகும் சாமையும் இன்றைக்குப் பாக்கெட்டில் வருகிற விலைக்கு அது பணக்காரர் வீட்டுச் சாப்பாடாகிவிட்டது. நம் பாட்டிமார் வேறு வழியில்லாமல் குடித்த கூழை நாம் வசதி இருந்தால்தான் குடிக்க முடிகிறது. கேழ்வரகும் கம்பும் மட்டும் இன்னும் கைக்கு எட்டுகின்றன. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து அதிகம். வாரம் மூன்று நாள் அதை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதற்கு மனசை அலையவிட வேண்டாம். ரேஷன் அரிசியைச் சாப்பிடுவதில் ஒரு குறையும் இல்லை. அளவுதான் விஷயம். சோறு ஒரு மலையாகவும் குழம்பு ஒரு ஓடையாகவும் இருக்கிற தட்டில், மலையைக் கொஞ்சம் வெட்டிவிட்டு அந்த இடத்தில் பயறு வைத்தால் போதும்.

இப்போது ஒரு கணக்கு. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், பருப்பு, முட்டை, மீன், கறி எல்லாம் சேர்த்து ஒருவருக்கு ஒரு நாளைக்கு 85 கிராம் என்று இருக்கிறது. நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 340 கிராம், மாசத்துக்குப் பத்து கிலோவுக்கு மேல். ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைப்பது ஒரு கிலோ துவரம் பருப்பு. மூன்று நாளைக்குக் கூட முழுதாக வராது. 2011-லிருந்து அரிசி இலவசமாகக் கிடைக்கிறது, அதனால் பசி போயிற்று, அது பெரிய காரியம். அடுத்து பருப்பு கூட வேண்டும் என்று நாம் சத்தமாகக் கேட்டால்தான் என்ன? ஏழைக்கு ஊக்கம் இல்லை என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுப் பேசட்டும். அதுவரை அந்த ஒரு கிலோவை ஒரு மாசம் கூட விடாமல் வாங்குங்கள். "கூட்டமா இருந்துச்சு, விட்டுட்டேன்" என்று சொல்லாதீர்கள்.

கீரைக்கு வருகிறேன். எல்லாரும் கீரை மலிவு, கீரை மலிவு என்கிறார்கள். முருங்கை மரம் தெருவுக்கு ஒன்று நிற்கிறது, இலவசம்தான். ஆனால் அதை உருவி ஆய்வதற்கு அரை மணி நேரம் ஆகிறதே, அந்த நேரம் யாருடையது? மலிவான சாப்பாடு எல்லாமே காசைக் குறைத்து நேரத்தைக் கேட்கும். அந்த நேரம் எப்போதும் வீட்டுப் பெண்ணின் கணக்கிலிருந்து போகும். ஆண்பிள்ளை டயட் ஆரம்பித்தால் அவள் இரண்டு சமையல் செய்கிறாள். பத்து நாளில் அவளுக்கு முடியாமல் போகிறது, "மோட்டிவேஷன் போயிருச்சு" என்று அவன் எனக்கு எழுதுகிறான்! தனிச் சமையல் எந்த வீட்டிலும் நிற்காது. ஒரே சட்டி, எல்லாருக்கும் அதுவே. சீரியல் பார்க்கிற நேரத்தில் கீரையை ஆய்வது அப்பாவும் பிள்ளைகளும். தம்பிமார்களே, என்னுடைய மாணவர்கள் என்கிற உரிமையில் சொல்கிறேன், இதற்கு லைக் போட்டால் போதாது, கீரைக்கட்டைக் கையில் எடுக்க வேண்டும்.

மதினிமார்களுக்கும் ஒரு வார்த்தை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேல், 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த ஒரு காரணம், கடைசியாகச் சாப்பிடுவது. எல்லாருக்கும் போட்டுவிட்டுச் சட்டியில் மிஞ்சியதை வழித்துச் சாப்பிட்டால் அங்கே ரசம்தான் இருக்கும், பருப்பு இருக்காது. பரிமாறுவதற்கு முன்னால் உங்கள் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வையுங்கள். சுயநலம் என்று எந்த மாமியார் சொன்னாலும் என்னிடம் அனுப்புங்கள், நான் பேசிக்கொள்கிறேன். கீரையோடு கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாகப் பிடிக்கும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதைத் தடுக்கும். டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பதற்கு ஒரு பைசா செலவில்லை. டீயையே விடச் சொல்ல மாட்டேன். நாள் முழுக்க உழைக்கிறவளுக்கு உட்கார்ந்து மூச்சு விடக் கிடைப்பது அந்த ஒரு டம்ளர் நேரம்தான். சம்பளத்தன்று வாங்குகிற பரோட்டாவையும் நான் தடுக்கப்போவதில்லை. விருதுநகர் ஜில்லாவில் இருந்துகொண்டு பரோட்டாவுக்கு எதிராகப் பேச எனக்கு என்ன தைரியம் இருக்கிறது? மாசத்தில் ஒரு நாள் யாரையும் கெடுத்துவிடாது.

உடற்பயிற்சி பற்றி எல்லாருக்கும் ஒரே புத்திமதி சொல்கிறவர்களை நம்பாதீர்கள். மில்லில் சைடு பார்க்கிற பெண் ஒரு ஷிப்டுக்குள் நடக்கிற நடையை எந்தப் பார்க்கிலும் யாரும் நடப்பதில்லை. அவளைப் போய் "தினமும் வாக்கிங் போ" என்றால் அவள் சிரிக்காமல் என்ன செய்வாள்? அவளுக்கு வேண்டியது காலைச் சுவரில் தூக்கி வைத்துப் பத்து நிமிஷம் படுப்பதும், முதுகையும் தோளையும் நீட்டி மடக்குவதும், முறையான தூக்கமும். ஆட்டோக்காரருக்கும் தையல்காரிக்கும்தான் நடை. ஸ்டாண்டில் சவாரிக்குக் காத்திருக்கும்போது வண்டியை விட்டு இறங்கி அந்தத் தெருக்கோடி வரை போய் வரலாம். பாபின் மாற்றும்போதெல்லாம் எழுந்து வாசல் வரை போய் வரலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரம் 150 நிமிஷம் வேகமான நடை. ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை, பிரித்துப் பிரித்து நடந்தாலும் கணக்கில் சேரும். பத்தாயிரம் அடி நடக்காவிட்டால் பிரயோஜனமில்லை என்று கவலைப்படுகிறவர்களுக்கு: அந்தப் பத்தாயிரம், 1965-ல் ஜப்பானில் விற்ற ஒரு அடி எண்ணும் கருவிக்கு வைத்த பெயரிலிருந்து வந்தது. டாக்டர் எழுதிக்கொடுத்த எண் இல்லை.

தசைக்கும் வாரம் இரண்டு நாள் வேலை வேண்டும். ஜிம் தேவையில்லை. வகுப்பில் நான் போடச் சொன்ன தோப்புக்கரணத்தை இப்போது யாரும் சொல்லாமல் போடுங்கள். முட்டி வலிக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் போதும்.

ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். என்னிடம் படித்த ஒருவன், வயது 41, நல்ல சாப்பாடு ஆரம்பித்த உற்சாகத்தில் சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டான். யாரோ போனில் சொன்ன கஷாயம் ஒன்றை நம்பினான். ஆறு மாசத்தில் காலில் ஒரு கொப்புளம், ஆறவில்லை, போன வருஷம் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். லோடு ஏற்றி இறக்குகிற வேலை அவனுக்கு. இப்போது அந்த வேலைக்குப் போக முடியவில்லை. பிள்ளைகள் இரண்டும் படிக்கின்றன. கீரையும் நடையும் மாத்திரையோடு சேர்ந்து வேலை செய்பவை, மாத்திரைக்குப் பதில் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரைக்குக் காசு கிடையாது. 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பெயர் பதியாதவர்கள் இந்த வாரமே பதியுங்கள். எப்படி என்று தெரியாவிட்டால் எனக்கு எழுதுங்கள், உங்கள் தெருவுக்கு வருகிற சுகாதாரப் பணியாளரிடம் கேட்டுச் சொல்கிறேன்.

சரி, எனக்கு அடுப்பில் வேலை இருக்கிறது. கமெண்டில் ஒன்று எழுதிவிட்டுப் போங்கள்: உங்கள் வீட்டில் 25-ஆம் தேதிக்கு மேல் என்ன குழம்பு? வெட்கப்பட வேண்டாம், இங்கே எல்லாரும் நம் ஆட்கள். நல்லதாக வருவதை எல்லாம் தொகுத்து அடுத்த வாரம் போடுகிறேன். என் பங்கு, தட்டைப்பயறு கத்தரிக்காய்க் குழம்பு. பயறை ராத்திரியே ஊறப்போட வேண்டும், இல்லாவிட்டால் கேஸ் வீணாகும்.